கைக்காவல் டிரம்பெட்டு

ஒன்று கைவசமிருக்க இரண்டாவதாக ஒன்றை வாங்குவோர் இருவகையினர். முதற்பொருள் பழுதுற்றவிடத்து உதவும்பொருட்டு வாங்குவோர் ஒரு சாரார். இரண்டு உண்டு என்னும் மனநிறைவின் பொருட்டு வாங்குவோர் மற்றொரு சாரார். முன்னவர் சிலர், பின்னவர் பலர். பின்னவர் கூட்டத்தில் யாமும் இருந்து, வெட்கமுற்று, ஒருவாறு தெளிந்தமையால், அத்தெளிவை நம் கல்லூரி மலரின் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைக்கத் துணிந்தோம். பொருள் சிறிது: பாண்டு வாத்தியக் குழுவொன்று, தன் டிரம்பெட்டுக்குக் கைக்காவலாக எத்தகைய மற்றொரு டிரம்பெட்டைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே. தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று நகைப்போர் சற்றே பொறுத்தருள்க.

எம்மூர் படப்பை. வண்டலூரினின்று வாலாஜாபாத் செல்லும் பெருஞ்சாலையில், ஒரகடத்துக்குக் கிழக்கே உள்ளது. எம் பாட்டனார் காலத்தில் ஏரியும் கழனியுமாக இருந்த ஊர், இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகட்கு ஆள் அனுப்பும் ஊராயிற்று. விடியலிலும் பிற்பகலிலும் இரவிலும் கம்பெனிப் பேருந்துகள் சாலையோரத்தில் நின்று, ஒரு கூட்டத்தை இறக்கி மற்றொரு கூட்டத்தை ஏற்றிச் செல்லும். எம் திருச்சபையின் பாண்டு குழுவில் உள்ளோர் பதின்மர். அவருள் அறுவர் ஷிப்டு வேலையினர், ஏனையோர் மாணவர். டிரம்பெட்டு ஒன்றே. அதனை ஊதுபவர் மோட்டார் உறுப்புக்கள் செய்யும் ஆலையொன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். யாம் அவர் பக்கத்தில் நின்று யூபோனியம் ஊதுவோம்.

மூன்றாண்டுகட்கு முன்னர், டிசம்பர் மாதத்துக் கீதபவனியின் மூன்றாம் இரவில், வேனிலிருந்து இறங்குங்கால் அண்ணனின் டிரம்பெட்டு கதவில் மோதியது. கண்ணுக்குப் பெருஞ்சேதம் ஒன்றும் தோன்றவில்லை. ஆயினும் நடு வால்வு அழுத்தினால் இறங்கியது, மீண்டு ஏறவில்லை. இரண்டாம் வால்வினின்று புறத்தே நீண்டிருக்கும் சிறு வளைகுழாய் இடிபடின், அவ்விடி வால்வின் உறையைக் கடுகளவு நெளிக்கும். உறைக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள வெளி தலைமயிரினும் மெல்லியதாகலின், அக்கடுகளவே பிஸ்டனைச் சிறைசெய்யப் போதுமென்று பின்னரே அறிந்தோம். அன்றிரவு எஞ்சிய வீடுகளில் மெட்டைத் தாங்குவார் இலராயினர். எதுகையும் மோனையும் நிற்கப் பொருள் போன செய்யுளைப் போல, அடிக்குரல்கள் மட்டும் முழங்கின.

மறுநாள் இரவல் தேடினோம். அயலூர்ச் சபையார் ஒரு கார்னெட்டைத் தந்தனர். அண்ணன் தம் மவுத்பீஸை அதனுட் செருக முயன்றார், நுழையவில்லை. டிரம்பெட்டின் மவுத்பீஸுக்குக் காம்பு பருமன்; கார்னெட்டின் குழாய்வாய் அதனினும் சிறிது. கார்னெட்டோடு வந்த மவுத்பீஸோ அவர் உதட்டுக்கு அந்நியம். பின்னர் மற்றொருவர் சி டிரம்பெட்டு ஒன்றை உதவினார். எம் டிரம்பெட்டு பி பிளாட் வகையது. அதில் சி என எழுதிய சுரத்தை ஊதினால் பி பிளாட் ஒலிக்கும். ஆதலின் அண்ணன் பாட்டுப் புத்தகத்தைக் காணுந்தோறும் ஒரு முழுச்சுரம் மனத்துட் கூட்டியே ஊதுவார். அவ்வழக்கம் விரலில் ஊறியதாகலின், கூட்ட வேண்டாத சி டிரம்பெட்டிலும் விரல்கள் கூட்டின. கீபோர்டு ஒரு சுருதியிலும் டிரம்பெட்டு மற்றொரு சுருதியிலுமாக நிற்க, பாடுவோர் இரண்டுக்கும் நடுவே தவித்தனர்.

ஜனவரியில் குழு கூடிற்று. பணம் திரட்டி, இணையத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கண்ட புத்தம்புதிய டிரம்பெட்டு ஒன்றை வாங்குவதெனத் தீர்மானித்தோம். யாமும் அதற்கே கைதூக்கினோம். அது பொன்போல் மின்னிற்று. பெட்டியும் கையுறையும் துடைக்கும் துணியும் உடன் வந்தன. அடுத்த மழைக்காலம் கழிவதற்குள் இரண்டிடத்துப் பற்றாசு விட்டது. பிஸ்டன்கள் எண்ணெயிட்ட அன்று ஓடி மறுநாள் நின்றன. மூன்றாம் வால்வின் குழாய் முற்றும் இறுகிற்று. பழுதுபார்ப்பவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு மாற்றுறுப்பு எங்குங் கிடையாதென்று கையில் திருப்பித் தந்தார். கைக்காவலுக்கே ஒரு கைக்காவல் வேண்டியதாயிற்று.

நிற்க. இவ்வாறு பட்டறிந்த பின்னர் யாம் கண்ட விதிகள் சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

முதலாவது, கைக்காவற் கருவி முதற்கருவியின் சுருதியினதே ஆதல் வேண்டும். பி பிளாட் ஊதுபவர்க்கு பி பிளாட்டே தக்கது. அவசர காலத்தில் மனிதன் அறிவினால் ஊதுவதில்லை, பழக்கத்தினாலேயே ஊதுகின்றான்.

இரண்டாவது, ஒரே மவுத்பீஸ் இரண்டிற்கும் பொருந்தல் வேண்டும். ஊதுபவனுக்குக் கருவியினும் நெருங்கிய உறவு மவுத்பீஸேயாம். அதன் விளிம்பின் அகலமும் வளைவும் உதட்டுக்குப் பழகச் சில திங்கள் செல்லும். ஆதலின் டிரம்பெட்டை இரண்டாக்குமுன், அதே அளவினதாகிய மவுத்பீஸை இரண்டாக்குதல் நன்று. அதன் செலவும் சிறிது.

மூன்றாவது, புதுமையினும் உறுதியே நோக்கற்பாலது. பெயர்பெற்ற தொழிலகத்தார் மாணவர்க்கெனச் செய்த கருவி, ஒருவர் கையில் சில ஆண்டு பழகியதாயினும், பெயரறியாப் புதுக்கருவியினும் மேலாம். சான்றாக, யமஹா கம்பெனியாரின் ஒய்.டி.ஆர். 2330 என்னும் மாணவர் டிரம்பெட்டைக் கூறலாம். அதன் குழாயின் உள்விட்டம் 11.65 மில்லிமீட்டர், பிஸ்டன்கள் நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் என்னும் உலோகத்தாலாயவை. மோனெல் எச்சிலுக்கும் வியர்வைக்கும் எளிதில் அரிபடாது. எண்ணெயிட மறப்போர் கைக்கு ஏற்றது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் நெடுங்காலமாகப் பாண்டு கருவிகள் செய்து நாடெங்கும் அனுப்பி வருகின்றது. எங்குச் செய்யப்பட்டதாயினும், ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே சோதித்தே கொள்ளல் வேண்டும்.

அச்சோதனை அரிதன்று. வால்வை அழுத்தாமல் அதன் வளைகுழாயை வெளியே இழுக்குக. "டப்" என்னும் ஓசை எழுமாயின் பிஸ்டன் காற்றை நன்கு தாங்குகின்றதென்று கொள்க. ஓசை எழாதாயின் பிஸ்டன் தேய்ந்தது. மூன்று பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தி விடுக, எதுவும் தயங்கலாகாது. மவுத்பீஸை அடுத்த குழாயை வெயிலில் பார்க்குக. பித்தளையின் மஞ்சளில் செம்புள்ளிகள் தோன்றின், உள்ளிருந்து துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் எஞ்சுகின்றதென்று அறிந்து விலகுக. மூன்றாம் வால்வின் குழாயில் விரல் நுழையும் வளையம் உண்டோவென நோக்குக. முதலும் மூன்றும் சேர்த்து அழுத்துங்கால் சுரம் சற்றே ஏறி ஒலிக்குமாதலின், அக்குழாயை நீட்டியே சுருதி சேர்க்க வேண்டும். பெரிய சுருதிக்குழாயும் தடையின்றி நகர்தல் வேண்டும். எம்மூர் மே மாதத்து வெப்பத்தில் டிரம்பெட்டின் சுருதி தானே ஏறும். கீபோர்டோ வெயிலென்றும் மழையென்றும் அறியாது ஒரே நிலையில் நிற்கும். குழாயை நீட்ட இயலாதவன் ஆராதனை முழுதும் அபசுரமாகவே ஊதுவான்.

நான்காவது, பலவகைக்கும் பயன்படுதல் என்பது யாதென ஆராய்தல் வேண்டும். பாக்கெட் டிரம்பெட்டு பைக்குள் அடங்கும். குழாயின் நீளம் பி பிளாட் டிரம்பெட்டின் நீளமே, நெருக்கிச் சுருட்டப்பட்டது. ஆயினும் சிறுத்த வாயினால் அதன் ஓசையும் சிறுக்கின்றது; திறந்தவெளிப் பவனிக்கு அது போதாது. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கினால் ஆகிய டிரம்பெட்டுகள் மழைக்கு அஞ்சா, துருவேறா, சிறுவர் பழகுவதற்கும் கொட்டும் மழையில் வீடுவீடாகச் செல்வதற்கும் ஏற்றவை. ஆனால் கோயிலுள் மெல்லிய பாட்டுக்கு அவற்றின் குரல் எம் செவிக்கு நிறைவு தரவில்லை. கார்னெட்டின் வழக்கு வலிவுடையது. 1878-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் தொடங்கிய இரட்சணிய சேனையின் பாண்டு மரபு இன்றளவும் கார்னெட்டையே தலைமைக் குரலாகக் கொண்டுள்ளது, அதன் ஓசை பாடுவோர் குரலோடு இழையும், விரலமைப்பும் டிரம்பெட்டினதே. மவுத்பீஸ் வேறென்னும் ஒன்றே தடை. அதற்கென நாள்தோறும் பழகுவார் உளராயின், கார்னெட்டை யாம் மறுக்கோம்.

எனினும் எம் முடிபு இதுவேயாம்: பலவகைக்கும் பயன்படும் கருவி என்பது அரியன செய்யும் கருவியன்று, அன்றாடம் வேண்டுவன அனைத்தையும் பிழையின்றிச் செய்யும் கருவியே. அடக்கத்துக்கு முன் செல்லும் ஊர்வலத்தில் தெருமுழுதும் கேட்க முழங்கல் வேண்டும். திருவிருந்து வேளையில் மூச்சுப் போல ஒலித்தல் வேண்டும். திருமண வீட்டில் துள்ளல் வேண்டும். இவற்றிற்கு மூன்று கருவிகள் வேண்டா. நடுத்தர உள்விட்டமுடைய பி பிளாட் டிரம்பெட்டு ஒன்றும், கிண்ணம் சற்று ஆழ்ந்த மவுத்பீஸ் ஒன்றும், வாயில் செருகும் மியூட்டு ஒன்றும் போதும்.

இவ்விதிகளின்படி ஆராய்ந்து, பழகிய டிரம்பெட்டு ஒன்றை வாங்கினோம். சோதனையனைத்திலும் தேறியது. அதனைத் துடைத்து, எண்ணெயிட்டு, பெட்டியுள் வைத்து, பெட்டியை அலமாரியுள் வைத்து, அலமாரியைப் பூட்டினோம். இனி எம் பாண்டுக்கு ஒரு குறையுமில்லை என்று மகிழ்ந்தோம்.

வந்தது உயிர்த்தெழுந்த திருநாள். விடியற்காலை நாலரை மணிக்கு ஆராதனை. முந்திய இரவு ஷிப்டுக்குச் சென்ற அண்ணனுக்கு மாற்றாள் வரவில்லை. ஆலையில் அவரை நிறுத்திக்கொண்டனர். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகளுடன் சபையார் திரண்டு நின்றனர். முதற்பாட்டுக்கு முன்னே முழங்க வேண்டிய எக்காளம் முழங்கவில்லை. இரண்டு டிரம்பெட்டுகள் இருந்தன, இரண்டிலும் ஒரு பழுதுமில்லை, ஊதுவார் இல்லை. யாம் யூபோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தோம். கதவில் மோதியதும் பற்றாசு விட்டதும் கருவியின் குறை. இதுவோ எம் குறை.

அன்று எமக்கு நினைவு வந்தது எம்மூர்ச் சாலையில் ஓடும் வண்டிகளின் ஸ்டெப்னி. இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இன்றியே ஓடிய காலத்தில், 1904-இல், வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர், காற்றிறங்கிய சக்கரத்தின்மேலேயே பொருத்தத்தக்க மாற்றுச் சக்கரம் ஒன்றை அமைத்தனர். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராயிற்று. நம் நாட்டு ஓட்டுநர் நாவில் இன்றும் வழங்குகின்றது. டயர் ஆலையும் மோட்டார் ஆலையும் சூழ்ந்த எம் பகுதியில் சிறுவரும் அதனை அறிவர்.

ஸ்டெப்னி இருவகை. இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் உள்ளது மெலிந்தது; பட்டறை வரை செல்ல மட்டுமே உதவும்; வேகமாக ஓட்டலாகாதென்று அதன்மேலேயே எழுதியிருக்கும். மற்றொன்று ஏனை நான்கினோடும் ஒத்த முழுச்சக்கரம். முழுச்சக்கரமுடைய வண்டியை நன்கறிந்த ஓட்டுநர் அதனைப் பின்பெட்டியுள் உறங்கவிடார். குறித்த தொலைவு ஓடியபின் ஐந்தையும் முறை மாற்றி, ஸ்டெப்னியைச் சாலைக்கும் சாலைச் சக்கரத்தைப் பெட்டிக்கும் அனுப்புவர். அதனால் ஐந்தும் ஒருபடியாகத் தேயும். தேவை நேர்ந்த அன்று ஸ்டெப்னி புதியதோர் அந்நியனாக இராது. ஓடாத டயரும் வயதினால் வெடிக்கும் என்பதை அவர் அறிவர். ஊதாத டிரம்பெட்டும் அவ்வாறே: எண்ணெய் உலரும், பிஸ்டன் ஒட்டும், குழாய் இறுகும். அதனினுங் கொடிது, அதனை ஊதத்தக்க உதடு உருவாகாதொழியும்.

இக்கருத்துப் புதிதன்று. எண்ணாகமம் 10-ஆம் அதிகாரத்தில் மோசே செய்யுமாறு பணிக்கப்பட்டவை இரண்டு வெள்ளி எக்காளங்கள். ஒன்று மற்றொன்றின் உறங்கும் துணையன்று. ஒன்று மட்டும் ஊதினால் தலைவர் கூடுவர். இரண்டும் ஊதினால் சபை முழுதும் கூடும். இரண்டுக்கும் வேலை உண்டு. அன்றியும் அவற்றை ஊதுவார் இன்னாரென்பதும் அங்கேயே விதிக்கப்பட்டது. நம் பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தைத் திறப்பின், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளிற் கட்டிச் சுமந்து செல்லக் காண்கின்றோம். யானையின் பெருமூச்சுப் போல ஒலிக்கும் நெடிய தூம்பும் உண்டு, குறுந்தூம்பும் உண்டு. சுமந்தவை அனைத்தும் வாசிப்பதற்கே சுமந்தவை. காட்டிலும் மலையிலும் நடப்பவன் வாசிக்காத வாத்தியத்தைத் தோளில் ஏற்றுவனோ?

ஆதலின் குழு மீண்டும் கூடியபோது, கைக்காவல் டிரம்பெட்டை அலமாரியினின்று எடுத்து ஓர் இளையார் கையில் ஒப்படைக்க வேண்டுமென்று யாம் வாதாடினோம். சிறுவர் கையில் கருவி நசுங்கும் என்றனர் பெரியோர். நசுங்கலாம், நசுங்கிய கருவியை நிமிர்த்தப் பட்டறை உண்டு, ஊதுவாரின்றிப் போன விடியலை நிமிர்த்தப் பட்டறை இல்லை என்றோம். கற்பிக்க நேரம் இல்லை என்றனர். அண்ணன் தாமே, பகல் ஷிப்டு வாரங்களில் மாலை அரைமணி தருவதாக ஏற்றார். இளையார் யாவர் என்னும் வினா எழுந்தபோது, முதலில் கை உயர்த்தியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பெண்பிள்ளை எக்காளம் ஊதுவது வழக்கமில்லை என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வழக்கம் இல்லாமையாலன்றோ ஆள் இல்லாமலும் போயிற்று? மூச்சும் உதடும் செவியும் உடையார் எவரும் ஊதலாம். வேறு தகுதி அக்கருவி கேட்பதில்லை. நெடுநேர வாதத்தின் பின் குழு இசைந்தது.

விதி எளிது. இரண்டு டிரம்பெட்டுகளும் இருவர் கையிலும் முறை மாறும். ஒரு திங்கள் இவளிடம் இருப்பது மறுதிங்கள் அவரிடம் செல்லும். மவுத்பீஸ் மட்டும் அவரவரது. இதனால் எக்கருவியும் எவர்க்கும் அந்நியமன்று. சில வேளை இருவரும் சேர்ந்தே ஊதுவர். மெட்டின்கீழ் மற்றொரு குரல் எழுதலால், முன்னில்லாத நிறைவு பாட்டுக்கு உண்டாயிற்று. கைக்காவலுக்கென்று வாங்கியது நாள்தோறும் பயன் தருவதாயிற்று.

இவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்றும் அண்ணனுக்கு இரவு ஷிப்டே வாய்த்தது. விடியலில் அச்சிறுமி ஊதினாள். இரண்டிடத்துச் சுரம் உடைந்தது, பாட்டு உடையவில்லை. கடைசிப் பாட்டுக்குக் கம்பெனிச் சட்டையோடு அண்ணன் வந்து சேர்ந்தார். தம் கருவியின் பெட்டி அருகே இருந்தும் திறக்கவில்லை; நின்று கேட்டார்.

இதனைப் படிக்கும் பழைய மாணவரே, பேராசிரியப் பெருமக்களே, உடன் பயிலும் அன்பரே! நும் வீட்டுப் பரண்மேலும் சபை அலமாரியிலும் பெட்டிக்குள் உறங்கும் டிரம்பெட்டோ கார்னெட்டோ வயலினோ ஒன்று இருத்தல் கூடும். என்றேனும் உதவும் என்று வைத்திருப்பீர். விடுமுறைக்குச் செல்லும்போது அதனை இறக்கிப் பிஸ்டனுக்கு இரண்டு துளி எண்ணெய் விடுங்கள். பின்னர் அதனை நும் தெருவில் ஒரு பிள்ளையின் கையிற் கொடுங்கள். கொடுத்தபின் வீட்டில் சில நாள் அமைதி குறையும். அதனைப் பொறுத்தருளுமாறு மட்டும் வேண்டுகின்றோம்.